நாலாவது ப்ளக்

1938, ஏப்ரல் 22, வெள்ளி. சித்தூர்.

யதுகிரி வந்திருந்தாள். அவள் அண்ணா தோதாத்ரி திருப்பதியில் வக்கீல். ஜில்லா கோர்ட்டில் கேஸ் என்று வந்தவரோடு இவளும் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறை. இன்னும் அதே கீச்சுக் குரல். என் கையால் காபி குடிக்க மாட்டாள். "கோவிச்சுக்காதேடீ, ஆத்துல தெரிஞ்சா தலைமுழுகச் சொல்லுவா" என்று சிரித்துக்கொண்டே இரண்டு வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள்.

விஷயம் இதுதான். திருப்பதியில் பெண்களுக்கு ஒரு ஹைஸ்கூல் ஆரம்பிக்கிறார்கள். ஜூன் பதின்மூன்றாம் தேதி திறப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் வேண்டும். பி.ஏ., எல்.டி. படித்த பெண் அந்தப் பக்கத்தில் அகப்படவில்லை. "அண்ணாதான் கமிட்டி செக்ரட்டரி. கிறிஸ்தவச்சி ஆச்சேன்னு ஒருத்தர் முனகினார். அவ கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கட்டும், ஜெபத்தை ஆத்துல வெச்சுக்கட்டும்னு அண்ணா சொல்லிட்டான்."

நாற்பத்து மூன்று வயதில் ஒரு வேலைக்கு நான் வேண்டும் என்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எல்.டி. ட்ரெயினிங் முடித்து இரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்பித்தேன். அதற்கப்புறம் கரும்பலகையையே தொடவில்லை.

என் வீட்டுக்காரர் கூடத்து நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டிசம்பரில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அந்த நாற்காலிதான் ரிட்டையரான இந்த ஓவர்சியருக்கு ஆபீஸ். யதுகிரி கிளம்பும்போது சொன்னார்: "நல்ல விஷயந்தாம்மா. ஆனா என்னை வுட்டுட்டு லோயிஸ் போவ மாட்டா. என்னால ரயில் ஏற முடியாது. என் வண்டி ஓடட்டும், ரெண்டு பேரும் வரோம். ஓடலேன்னா ரெண்டு பேரும் இங்கியேதான்."

அவருடைய மோட்டார்கார் டிசம்பரிலிருந்து ஷெட்டில் நிற்கிறது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஒரு முனகல்கூட இல்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு.

கோவிலில் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 26, செவ்வாய்.

பஸ் ஷெட்டில் வேலைசெய்யும் கிருஷ்ணப்பாவை வரச்சொல்லியிருந்தேன். அவன் வண்டியைப் பார்த்து, "ப்ளக் நாலும் போயிருக்கும்மா, மாத்தினா ஓடிடும்" என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உள்ளேயிருந்து அவர் கத்திய கத்தலில் கேட்டைத் தாண்டிவிட்டான்.

"கண்டவன் கையெல்லாம் என் வண்டி மேல படக்கூடாது."

"அப்படியானா எப்படிங்க ஓடும்?"

"நீ பண்ணு. காலேஜ் படிச்சவதானே. நான் சொல்லிக்கினே வரேன், நீ பண்ணு."

இது அனுமதியா, தண்டனையா?

ஏப்ரல் 30, சனி.

மதராஸிலிருந்து, இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் புது ப்ளக்குகள் வந்தன. வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு பார்க்க அழகாகவே இருக்கின்றன.

ஜெபமணி அக்காவும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் ஷெட் வாசலில் வைத்தோம். அக்கா அவருடைய மூத்த சகோதரி. அவருக்கு உடம்புக்கு வந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறார்கள். "பென்ஷன் வருது, சோறு கீது. இன்னாத்துக்குமா உனுக்கு இந்த வேலை?" என்று காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டாகிவிட்டது.

பானட்டைத் திறந்தேன். ஆறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கும் வண்டி. ஓட்டக்கூடக் கற்றிருக்கிறேன், வாங்கிய புதிதில், துரைமார் பார்க்க வேண்டும் என்று மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார். ஒரு துரை என்னை மெச்சினார். அதோடு நின்றுபோயிற்று. ஆனால் பானட்டுக்குள் இன்றுதான் பார்க்கிறேன். சிறிய இங்கிலீஷ் வண்டி, உள்ளே விரல் நுழைய இடமில்லை. இருந்த கொஞ்சத்தையும் இவர் அடைத்து வைத்திருக்கிறார். நம் ஊர் வெயிலுக்கும் மலை ஏற்றத்துக்கும் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று ஒரு தகரப் பெட்டி. அவரே வெட்டி, வளைத்து, ஆணி அறைந்தது. நாலாவது ப்ளக் அதன் அடியில் எங்கேயோ இருக்கிறது.

"மொதல்ல நாலு வயரையும் புடுங்கு."

"எது எங்கேன்னு நூல் கட்டி வெச்சுக்கட்டுமா?"

"எதுக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்? நான் சொல்றேன்."

பிடுங்கினேன்.

முதல் மூன்று ப்ளக்கும் மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டன. கரி அப்பி, அடுப்பில் விழுந்த பல் மாதிரி. வரிசையாகச் செங்கல் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுபிள்ளைத்தனமான சந்தோஷம். நாலாவதைத் திங்கட்கிழமை கழற்றலாம் என்று விட்டேன்.

மே 2, திங்கள்.

வரவில்லை.

ஸ்பானரை நேராக நிறுத்தப் பெட்டி விடாது. சாய்த்தால் பிடிக்காது. முகத்தை நுழைத்தால் ப்ளக் தெரிகிறது, ஆனால் கைக்கு வழியில்லை. கையை நுழைத்தால் எதுவும் தெரியவில்லை. தடவித் தடவி மாட்டி ஒரு தரம் அழுத்தினால் துளி நகர்ந்து ஸ்பானர் தகரத்தில் முட்டுகிறது. எடு, மறுபடி மாட்டு. வழுக்கி, விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்துவிட்டது. உள்ளே வேர்வை விழுந்து புழுதி சேறாகிறது. இன்ஜின் ஓடாமலேயே அந்தச் சந்துக்குள் அப்படி ஒரு சூடு.

"நீங்க எப்படிக் கழட்டுவீங்க இதை?"

இடது கையைத் தூக்கிக் காட்டினார். நீண்டு மெலிந்த விரல்கள். "என் கைக்கு எடம் வுட்டுத்தானே செஞ்சேன்."

இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். அலமாரித் தாழ்ப்பாள் அவர் உயரத்தில். கிணற்று வாளி அவர் பலத்துக்கு. ஜன்னல் எந்நேரம் திறக்கலாம், விளக்கு எப்போது அணைய வேண்டும், எல்லாம் அவர் அளவு. எக்கியும் குனிந்தும் நான் இத்தனை நாள் புழங்கியிருக்கிறேன். அதைக் கஷ்டம் என்று நினைத்ததுகூட இல்லை. இன்றைக்குத்தான், ஒரு தகரப் பெட்டிக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நினைத்தேன்.

மே 5, வியாழன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கை மாட்டிக்கொண்டது. பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில், வளையலோடு. உள்ளே போன கை வெளியே வரவில்லை. இழுத்தேன். தகர விளிம்பு மணிக்கட்டில் ஏறியது. குனிந்த முதுகை நிமிர்த்த முடியவில்லை. பானட்டின் விளிம்பு விலாவில். சேலைத் தலைப்பு மட்கார்டில் சிக்கிக் கிடந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார் நாற்காலியிலிருந்து.

"கை வரலீங்க."

சிரித்தார். பக்கவாதத்துக்கப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "இப்போ எங்க போவே?" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தலை குனிந்தபடியே இருந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரோட்டில் எருமை ஓட்டிக்கொண்டு போனவர் எட்டிப் பார்த்து, "ஏமம்மா, பண்டி கதலலேதா?" என்றார். வண்டி நகரவில்லையா என்று கேட்கிறார். நானே நகரவில்லை ஐயா.

ஜெபமணி அக்கா தேங்காயெண்ணெய்ச் சொம்போடு ஓடிவந்தார்கள். "அய்யய்யோ, பொம்பள போயி இன்ஜினுக்குள்ள கைய வுட்டுக்கினு! ஏன்டா ஞானசிங்கு, உம் பொண்டாட்டிய வெண்டக்கான்னு நெனச்சிக்கினியா, மெசினுல குடுத்து நறுக்க?" எண்ணெயை ஊற்றிக்கொண்டே திட்டினார்கள், திட்டிக்கொண்டே ஊற்றினார்கள். "மூச்ச இழுத்துப் புடி. பயப்படாத. புள்ளயே வெளிய வருது, கை வராதா?" வளையல் உடைந்து கை வந்தது.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலிக்காக இல்லை.

மே 9, திங்கள்.

பெட்டியை எடுக்காமல் முடியாது என்று அவரிடம் சொன்னேன். கூடாது என்றார். கெஞ்சினேன். அதைத் தொட்டால் நான் அவருக்குப் பெண்டாட்டி இல்லை என்றார்.

உளியையும் சுத்தியலையும் எடுத்து ஆணிகளை வெட்டினேன். அவர் கத்திக்கொண்டே இருந்தார். இடது கையால் தம்ளரை வீசினார். அது எங்கேயோ போய் விழுந்தது. கடைசி ஆணி தெறித்தபோது பெட்டி ஒரு பக்கமாகத் தொங்கியது. பிடுங்கிக் கீழே போட்டேன். நாலாவது ப்ளக் வெளிச்சத்தில் நின்றது. பாவம், ஒன்றுமில்லை, மற்ற மூன்றையும் போலத்தான். ஸ்பானரை நேராக வைத்து என் முழுப் பலத்தையும் கொடுத்தேன். கிறீச் என்று விட்டது.

இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை அவர். நான் சாப்பிட்டேன்.

மே 14, சனி.

நான்கு நாள் பேசாமலிருந்துவிட்டு இன்று அவராகவே கூப்பிட்டார். "வயரு மாட்ட வாணாமா?"

கறுப்பு மூடி ஒன்றிலிருந்து நான்கு வயர் வருகிறது. அந்த மூடியைச் சுற்றிவரும் வரிசையில் எந்த வயர் எந்த ப்ளக்குக்கு என்று ஒரு கணக்கு உண்டு. "ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு, பைபிள் சங்கீதம் ஒப்பிப்பது மாதிரி. அப்படியே மாட்டினேன்.

ஹேண்டிலைச் சுற்றினேன். இருமியது. குலுங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒரு வெடி. அக்கா வளர்க்கும் கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. மறுபடி சுற்றினேன். மறுபடி வெடி.

"ப்ளக்கு சரியா முடுக்கல நீ" என்றார். வாய் ஓரம் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு.

மே 22, ஞாயிறு.

வாரம் முழுவதும் அதே கதை. அவிழ், துடை, முடுக்கு, சுற்று. வெடி. ஆராதனை முடிந்து எங்கள் பாதிரியார் ஏசுரத்தினம் ஐயர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓவர்சியர் வீட்டுல தினம் துப்பாக்கி சுடறாங்களாமே, சீனாவுல நடக்கற சண்டை நம்ம நாட்டுக்குள்ள வந்துடுச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மே 28, சனி.

யதுகிரியிடமிருந்து கார்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டாளாம். ஆனால் நெல்லூரிலிருந்து ஒரு பெண் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், கமிட்டியில் சிலர் அவளையே போடலாம் என்கிறார்களாம். "ஜூன் முதல் வாரத்துக்குள்ள வரேன்னு எழுதிடு. இல்லேன்னா அண்ணாவாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவரிடம் படித்துக் காட்டினேன். "வண்டி ஓடட்டும்" என்றார்.

வண்டி ஓடாது. ஓடாதுன்னு அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் கையாண்ட வண்டி, அது என்ன கேட்குதுன்னு தெரியாதா? வேணும்னுதான் எதையோ மறைக்கிறார். எங்கேயோ ஒரு தப்பு சொல்லிக்கொடுத்துட்டு, நான் மண்டையை உடைச்சுக்கிறதை நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிறார். அந்தச் சிரிப்பு! இந்த மனுஷன் என்னை விடமாட்டார். கை கால் விழுந்தும் விடமாட்டார். விட்டுட்டு ரயிலேறிப் போயிட்டா என்ன? ஏன் போக மாட்டேங்கறேன்? யார் என் காலைப் பிடிச்சிருக்காங்க?

கர்த்தாவே.

ஜூன் 4, சனி.

மதியம் அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் ஷெட்டில். பானட்டைத் திறந்து ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வயர்கள். பழைய ரப்பர், இறுகிக் காய்ந்தது. ஒவ்வொன்றும் இத்தனை வருஷம் கிடந்த வளைவிலேயே மரத்துப்போயிருக்கிறது. ஒன்றாவதும் நாலாவதும் ப்ளக்கில் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவதில் மாட்டிய வயர் நீளம் அதிகமாகிப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதில் மாட்டியது எட்டாமல் விறைத்து இழுக்கிறது. நானேதான் இழுத்து இழுத்து மாட்டியிருக்கிறேன், அவர் சொன்னார் என்று. எத்தனை நாள்!

இரண்டையும் மாற்றி மாட்டினேன். இரண்டும் தங்கள் பழைய வளைவில் போய்ப் படுத்துக்கொண்டன.

ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது. வெடியில்லை, இருமலில்லை. தையல் மெஷின் மாதிரி சீராக.

"ஓடுதா?" உள்ளேயிருந்து குரல்.

கரிக் கையோடு போனேன். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றது. உங்க சூழ்ச்சி தெரிஞ்சுபோச்சு என்று தொடங்குவதாக இருந்தேன்.

"எப்படி மாட்டினே?"

"நீங்களே சொல்லுங்க. எந்த வரிசை?"

இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. நாலு. மூணு. ஆபீஸ் லாரியில எத்தினி தரம் மாட்டிக்கீறேன். நேத்து கூட—"

நிறுத்திவிட்டார்.

ஆபீஸ் லாரியை விட்டு எட்டு வருஷம் ஆகிறது.

"இது லாரி இல்லீங்க" என்றேன். "நம்ம வண்டி."

விரல்களைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார். ஒண்ணு. ரெண்டு. கட்டைவிரல் அங்கேயே நின்றது. அடுத்த விரலுக்குப் போகவில்லை.

"நம்மளுது வேற வரிசையா, லோயிஸ்?"

அந்தக் கண்களில் கள்ளத்தைத் தேடினேன். நிஜமாகவே தேடினேன், இருக்க வேண்டும் என்று. பயம்தான் இருந்தது. தலையிலிருந்து இன்னும் என்னென்ன போய்விட்டதோ என்ற பயம். அதை என்னிடமே கேட்க வேண்டியிருக்கிறதே என்ற பயமும்.

"வரிசை எல்லாம் சரிதாங்க. நாலாவது ப்ளக் லூசா இருந்துச்சு, முடுக்கினேன்."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது.

வருகிறோம் என்று திருப்பதிக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 5, ஞாயிறு.

அவர் கள்ளனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். சண்டை போட்டிருக்கலாம், ஜெயித்திருக்கலாம், ரயிலேறியிருக்கலாம். இவரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தச் சிரிப்புகூட வாய் கோணியதால் வந்ததாக இருக்கலாம். இருக்கலாம். 'இப்போ எங்க போவே' என்றது மட்டும் வாய் கோணியதால் வந்ததில்லை.

ஜூன் 11, சனி. திருப்பதி.

வந்து சேர்ந்தோம். விடியற்காலையில் கிளம்பினோம், நான் ஓட்ட, அவர் பக்கத்தில் தலையணைகளுக்கு நடுவே. பின் ஸீட்டில் ஜெபமணி அக்கா, கூடையில் கோழிகளோடு. "பெருமாள் ஊர்ல போயி நாம இன்னா பண்ணப்போறோம்" என்று காலையில் அழுதவர்கள், கூடைக்கு இடம் போதாது என்று எங்கள் துணிப்பெட்டியை அவர் மடியில் வைக்கச் சொன்னார்கள்.

பாகாலாவைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "என் பொட்டி இருந்திருந்தா" என்றார். உண்மைதான். அந்தப் பெட்டி இருந்திருந்தால் கொதித்திருக்காது. நான் குடத்தோடு வயல் கிணற்றுக்கு நடந்தேன். திரும்பி வரும்போது, சுற்றி நின்ற மாட்டுவண்டிக்காரர்களுக்கு அவர் இன்ஜினைப் பற்றித் தெலுங்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாதி தப்பு. பாதி சரி. எது எது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. "மூடியை உடனே தெற" என்று என்னை அதட்டினார். திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஆறும்வரை குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இனி இப்படித்தான் போலிருக்கிறது.

ஜூன் 14, செவ்வாய். திருப்பதி.

நேற்று எழுத உட்கார முடியவில்லை. கை முழுக்கச் சுண்ணாம்புக்கட்டி. முதல் நாளே இரண்டு வகுப்புக்கு அல்ஜீப்ரா. எனக்குக் குரல் வருமோ வராதோ என்று பயந்தேன். வந்தது, கடைசி பெஞ்சு வரை.

இன்று காலை நான் செருப்பைப் போடும்போது அவர் ஜன்னலோர நாற்காலியிலிருந்து கேட்டார்: "எத்தினி மணிக்கு வருவே?"

இதுவரை இந்தக் கேள்வியை நான் கேட்பதுதான் வழக்கம். அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "நாலரைக்கு வந்துடுவேங்க" என்றேன்.

"வந்துடுவே இல்ல?"

"அக்கா இருக்காங்க. கஞ்சி குடிங்க."

நாலு மணிக்குப் பெண்கள் போய்விட்டார்கள். நான் வகுப்பில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆயாவேலை பார்க்கும் அம்சவேணி சாவிக்கொத்தோடு வந்து, "அம்மா, பூட்டணுமே" என்றாள்.

"பூட்டிக்கோம்மா" என்று எழுந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் சந்து வழியாகப் போனால் வீடு கூப்பிடு தூரம். யதுகிரி காட்டியிருக்கிறாள். நான் ஸ்டேஷன் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.